வான்குடை வீரர் கார்னரின்

உயரத்தினின்று விடுபட்ட பொருள் நிலத்தின் ஈர்ப்பால் கீழே விழும். விழ விழ அதன் விரைவும் மிகும். எனினும் கல் விரைந்து வீழ, இறகு மெல்ல இறங்குகின்றது. இடையே நின்று தடுப்பது காற்று. கண்ணுக்குப் புலனாகாத அக்காற்றை நம்பித் தம் உயிரையே அதனிடம் ஒப்புவித்தவர் ஆந்த்ரே ழாக் கார்னரின் என்னும் பிரெஞ்சு வீரர் ஆவார்.

இவர் 1769ஆம் ஆண்டு பாரிசு மாநகரிற் பிறந்தார். இவர்க்குப் பதினான்கு வயது நிரம்பிய 1783ஆம் ஆண்டில், லெனோர்மான் என்பார் மோன்பெலியே நகரத்துக் கோபுரம் ஒன்றினின்று, தாமே அமைத்த வான்குடையுடன் குதித்து ஊறின்றி இறங்கினார். ஆயின், அக்காலத்து வான்குடைகள் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. ஆதலின் சுமை மிக்கவை.

கார்னரின் இளமையிற் படையிற் பணிபுரிந்தபோது பகைவர் கையகப்பட்டு, ஹங்கேரி நாட்டுப் பூடா நகரில் மூன்றாண்டுகள் சிறையிருந்தார். ஆண்டு உயர்ந்த மதில்களைக் கண்டு, தப்பும் வழியை எண்ணியபோதே வான்குடை பற்றிய சிந்தனை அவர் உள்ளத்தில் வேரூன்றியது என்பர். விடுதலை பெற்றபின், சட்டமே இல்லாத பட்டு வான்குடை ஒன்றை அவர் அமைத்தார். விரிந்தால் அதன் குறுக்களவு ஏறத்தாழ 23 அடியாகும். அகன்ற துணி மிகுதியான காற்றைத் தடுக்கும். விரைவு மிகுந்தொறும் காற்றின் எதிர்ப்பும் மிகும். அவ்வெதிர்ப்பு எடைக்கு ஈடானபின் விரைவு மேலும் ஏறாது. இதுவே அவர் கருத்து.

1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், பாரிசு நகரத்து மோன்சோ பூங்காவில் மக்கள் திரண்டனர். பலூனின் கீழே மடங்கிய வான்குடையும், அதன் கீழே கூடையும் தொங்கின. கூடையில் நின்ற கார்னரின் ஏறத்தாழ 3,000 அடி உயரம் சென்றதும், பலூனைப் பிணித்த கயிற்றை அறுத்தார். வான்குடை விரிந்தது. ஆனால் உள்ளே நிறைந்த காற்று வெளியேற வழியின்றி, ஒருகால் இப்புறமும் ஒருகால் அப்புறமுமாக விளிம்பின்வழி வழிந்தது. கூடை ஊசல்போல் ஆடியது, கண்டோர் நடுங்கினர். எனினும் அவர் உயிர்க்கு ஊறின்றி நிலத்தை அடைந்தார்.

வெற்றியின் மகிழ்ச்சியில் அக்குறை மறைக்கப்படவில்லை. குடையின் உச்சியில் ஒரு துளை இட்டால் காற்று ஒழுங்காக வெளியேறும் என்று வானியல் அறிஞர் லாலாந்து கூறினார் என்பர். பின்னாளில் வான்குடைகளில் அத்துளை இடம்பெற்று ஆட்டத்தைக் குறைத்தது.

1799ஆம் ஆண்டில் அவர்தம் மாணவியாகிய ழான் லாப்ரோசு அம்மையார், வான்குடையில் இறங்கிய முதற்பெண்மணி என்னும் புகழ் பெற்றார். பின்னர் அவர்க்கு வாழ்க்கைத் துணைவியும் ஆனார். கார்னரின் 1802ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலும் வான்குடையில் இறங்கிக் காட்டினார்.

வானத்தினின்று பன்முறை உயிர் தப்பிய அவ்வீரர், 1823ஆம் ஆண்டு பாரிசில் பலூன் ஒன்றை அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, மர உத்தரம் ஒன்று தாக்கி உயிர் நீத்தார். துணிவு அவரை வானத்தினின்று குதிக்கச் செய்தது. அக்குதிப்பிற் கண்ட குறையோ, பின்வந்தோர்க்குக் காப்பாயிற்று.