நூறு காமிராக்களை ஒன்று சேர்த்த தனி மனிதர்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். மாலை ஆறு மணிக்குக் கோவிலில் கொடிமரத்தின் அருகே அர்த்தநாரீஸ்வரர் எழுந்தருளுவார். சில நிமிஷங்கள்தான் தரிசனம். அதே வேளையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் எரியத் தொடங்கும். சுவாமியைப் பார்ப்பதா, மலையைப் பார்ப்பதா? இருப்பது இரண்டு கண்கள். இரண்டும் ஒரே பக்கம்தான் பார்க்கும்.

படம் எடுப்பவருக்கும் இதே சங்கடம்தான். ஆகவே ஒரு காமிராவை முக்காலியில் வைத்து மலையை நோக்கி ஓட விட்டு விட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக் கொள்கிறார். இன்று ஒரே ஆள் இப்படி இரண்டு மூன்று காமிராக்களைச் சமாளித்து விடுகிறார்.

ஆனால் காட்சிகள் ஒரே ஊரில் நடக்கவில்லை என்றால்? ஒன்று ஆப்பிரிக்காவிலும், ஒன்று லண்டனிலும், ஒன்று குஜராத் கடற்கரையிலும் நடந்திருந்தால்? அவையும் முப்பது வருஷங்களில் சிதறிக் கிடந்தால்?

அப்படிப்பட்ட வேலையை ஒரு தமிழர் தம் தலைமேல் போட்டுக் கொண்டு முடித்தார். திருவண்ணாமலையில் பள்ளிப் படிப்புப் படித்தவர் அவர். பெயர் ஏ. கே. செட்டியார்.

கோட்டையூர்ப் பையன்

கருப்பன் செட்டியார் என்பது அவருடைய முழுப் பெயர். செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகே உள்ள கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தார்.

நகரத்தார் குடும்பத்துப் பிள்ளைகள் கடல் கடந்து போய் வியாபாரம் செய்வது அந்தக் காலத்து வழக்கம். இவரும் பர்மாவுக்குப் போனார். ஆனால் இவருடைய மனம் பத்திரிகையில் இருந்தது. ரங்கூனில் தனவணிகன் என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார்.

பிறகு போட்டோக் கலையைக் கற்க ஜப்பானுக்குப் போனார். டோக்கியோவில் படித்தார். அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் படித்தார். கையில் காமிரா, பையில் நோட்டுப் புத்தகம். பார்த்ததைப் படம் பிடிப்பார், கண்டதை எழுதுவார். அவர் எழுதிய பிரயாணப் புத்தகங்களில் 'உலகம் சுற்றும் தமிழன்' மிகவும் புகழ் பெற்றது. அந்தப் பெயரே அவருக்குப் பட்டப் பெயராகவும் ஆகி விட்டது.

கப்பலில் பிறந்த எண்ணம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சமாரியா என்ற கப்பல் போய்க் கொண்டிருந்தது. அதில் செட்டியார் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். சுற்றிலும் அட்லாண்டிக் சமுத்திரம். அங்கேதான் காந்திஜியின் வாழ்க்கையை ஒரு முழுப் படமாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

நடிகர்களை வைத்து எடுக்கும் கதைப் படம் அல்ல. உண்மைக் காந்தியே தோன்றும் படம். அதைத்தான் டாகுமெண்டரி என்கிறோம்.

அப்போது செட்டியாருக்கு வயது 25. பெரிய பண மூட்டை கிடையாது. நாட்டை ஆண்டதோ வெள்ளைக்கார அரசாங்கம். 1930-ல் தண்டி உப்பு யாத்திரையைக் காட்டிய படங்களுக்கு அது தடை போட்டிருந்தது. இந்த நிலையில் காந்தி படம் எடுப்பது நெருப்போடு விளையாடுவது போல!

சென்னைக்குத் திரும்பிய செட்டியார் டாகுமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்.

நான்கு கண்டங்களில் தேடல்

நடந்து முடிந்ததை மறுபடியும் படம் பிடிக்க முடியாது. உப்பு யாத்திரை போனது போனதுதான். வட்ட மேஜை மாநாட்டுக்காக 1931-ல் காந்திஜி லண்டனில் இறங்கிய காட்சியும் திரும்பி வராது. ஆனால் அங்கங்கே யாரோ ஒருவர் காமிராவோடு நின்றிருப்பார். அவர் எடுத்த சுருள் ஏதாவது ஒரு கம்பெனியின் அலமாரியில் தூங்கிக் கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும்!

செட்டியார் புறப்பட்டார். காந்திஜி சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிய தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். ஐரோப்பாவில் அலைந்தார். நான்கு கண்டங்களில் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் சுற்றினார். விமானம் ஏறி மறுநாள் இறங்கும் காலம் அல்ல அது. கப்பலும் ரெயிலும்தான்.

முப்பது வருஷங்களில் நூற்றுக்கும் அதிகமான காமிராக்காரர்கள் எடுத்த பிலிம் அவர் கைக்கு வந்தது. மொத்தம் 50,000 அடி! இவற்றோடு புதிய காட்சிகளும் எடுக்கப்பட்டன. அதற்குத் துணை நின்றவர் டாகுமெண்டரி காமிராவில் தேர்ந்த பி. வி. பதி.

எப்படிச் சேர்ப்பது?

பிலிம் கிடைத்தால் போதுமா? இனிமேல்தான் கஷ்டம்.

சினிமா பிலிமில் ஓர் அடிக்கு 16 சிறு படங்கள். பேசும் படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஆகவே ஒரு நிமிஷத்துக்கு 90 அடி தேவை. இந்தக் கணக்குப்படி 50,000 அடியும் ஓடி முடிய ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்த ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இன்னொரு தொல்லையும் உண்டு. ஊமைப் படக் காலத்துக் காமிராவைக் கையால் சுற்றுவார்கள். அதில் விநாடிக்கு ஏறக்குறைய 16 படங்கள்தான் பதியும். அதைப் பேசும் பட இயந்திரத்தில் ஓட்டினால் நடப்பவர் ஓடுவது போலத் தெரியும்! இரண்டு படங்களுக்கு ஒன்றை இரு முறை அச்சிட்டு இதைச் சரிக்கட்டுவது ஒரு முறை.

நூறு பேர் எடுத்த படம் என்றால் நூறு விதமான வெளிச்சம், நூறு விதமான தூரம். ஒருவர் இடப் பக்கம் நின்றிருப்பார். இன்னொருவர் வலப் பக்கம். வரிசை தவறினால் காந்திஜி முன்னே நடந்து திடீரென்று பின்னே திரும்பி நடப்பது போல ஆகி விடும். எந்தச் சுருள் எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற கணக்கை மனத்தில் வைத்திருக்கிற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் செட்டியார்தான்.

50,000 அடி 12,000 அடியாகச் சுருங்கியது. 1940 ஆகஸ்ட் 23-ந் தேதி 'மகாத்மா காந்தி' தமிழில் வெளிவந்தது. டி. கே. பட்டம்மாள் அதில் பாடினார். தெலுங்கிலும் படம் வந்தது. அப்போது செட்டியாருக்கு 29 வயது கூட நிறையவில்லை.

மறைந்த படம்

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தது. அடக்குமுறை கடுமையாயிற்று. காந்தி படத்தைத் திரையிட முடியாத காலம் அது. நாடு விடுதலை பெற்ற 1947-ல் இந்தி வடிவம் டில்லியில் காட்டப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வந்தது.

செட்டியார் சினிமா உலகில் தங்கவில்லை. 1943-ல் தொடங்கிய குமரி மலர் பத்திரிகையை 1983-ல் கண்ணை மூடும் வரை விடாமல் நடத்தினார். பழைய பிரயாணக் கட்டுரைகளையும் தேடித் தேடி அச்சில் ஏற்றினார். உலகத்தையே படம் பிடித்தவர், தம்மைப் படம் பிடிக்க மட்டும் கூச்சப்படுவார்.

அவருடைய படத்தின் கதி என்ன? சுருள்கள் கை மாறின, காலம் ஓடியது, படம் மறைந்தே போயிற்று என்று பலரும் நினைத்தார்கள். வரலாற்று ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி விடாமல் தேடினார். ஆங்கில வடிவம் அமெரிக்காவில் அகப்பட்டது. உலகமெல்லாம் சிதறிய சுருள்களை ஒருவர் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்ததையே பிறகு இன்னொருவர் தேட வேண்டி வந்தது!

இன்று வீட்டுக்கு வீடு காமிரா இருக்கிறது. கல்யாணத்தையும் திருவிழாவையும் பத்துப் பேர் பத்துப் பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். எடுத்ததைச் சேர்த்து, ஊரும் தேதியும் எழுதி, பத்திரமாக வைப்பவர் எத்தனை பேர்? பேரப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்கு ஒரு செட்டியார் வேண்டும்.