காலில் வீக்கம்... வயிற்றில் கேன்சர்! தன் நோயைத் தானே கண்டுபிடித்த டாக்டர்: யார் இந்த ட்ரூசோ?

கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு திடீரென ஒரு கால் மட்டும் வீங்குகிறது. நடந்ததால் வந்த வீக்கம், சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் டாக்டர்கள் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஏன் இந்த அவசரம்? இதற்குப் பின்னால், சுமார் 160 வருடங்களுக்கு முன் பாரிஸில் வாழ்ந்த ஒரு டாக்டரின் கதை இருக்கிறது.

அவர் பெயர் ஆர்மன்ட் ட்ரூசோ. 1801-ல் பிரான்ஸின் டூர் நகரில் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியராகத்தான் இருந்தார். அந்த ஊர் டாக்டர் பியர் ப்ரெத்தனோவிடம் சேர்ந்த பிறகுதான் மருத்துவம் பக்கம் வந்தார். 1828-ல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது அதை ஆராய ஜிப்ரால்டருக்குப் போனார். தொண்டை அடைப்பான் நோயில் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் துளை போட்டுக் காப்பாற்றும் முறையை பிரான்ஸில் பரப்பியவர்களில் முக்கியமானவர் இவர். நடுவில் அரசியலையும் விடவில்லை. 1848 புரட்சிக்குப் பிறகு பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

ஆனால் ஆள் பேர் வாங்கியது பாரிஸின் ஓட்டல் தியூவில் நடத்திய வகுப்புகளால்தான். பேரைப் பார்த்து ஓட்டல் என்று நினைக்க வேண்டாம், அது பழமையான பெரிய ஆஸ்பத்திரி. நோயாளியைப் பார்த்துவிட்டு அந்த நோயைப் பற்றி அவர் பேசினால், கேட்க மாணவர்கள் கூட்டம் கூடும்.

1865-ல் என்ன சொன்னார்?

அப்படி ஒரு வகுப்பில்தான் காலோ கையோ வெளுத்து, வலியோடு வீங்கும் பிரச்னையைப் பற்றிப் பேசினார். பிரசவமான பெண்களுக்கு இது வரும் என்பது அப்போதே தெரியும். கேன்சர் நோயாளிகளுக்கும் இது அடிக்கடி வருவதை ட்ரூசோ கவனித்திருந்தார். வயிற்றில் இருப்பது புண்ணா, கேன்சரா என்று குழப்பம் இருக்கும்போது இந்த வீக்கமும் வந்தால், அது கேன்சர்தான் என்று முடிவு செய்யலாம் என்றார்.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் சொன்ன காரணம். கட்டி ரத்தக்குழாயை அழுத்துவது மட்டுமே காரணம் இல்லை, கேன்சர் வந்தவரின் ரத்தமே தானாக உறையும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்றார். லேப் டெஸ்ட் எதுவும் இல்லாத காலத்தில் இதைச் சொன்னார் என்பதுதான் ஆச்சரியம்.

சரியாக இரண்டே வருடம். 1867 தொடக்கத்தில் அதே அறிகுறி ட்ரூசோவின் உடம்பிலேயே வந்தது. ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிவிட்டது. அவருக்கு ஏற்கெனவே வயிற்றுத் தொந்தரவு இருந்தது. மற்றவர்கள் தயங்கினாலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. தன் கதை முடிந்தது என்று மாணவரிடம் சொல்லிவிட்டார். அதே வருடம் ஜூன் 23-ம் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

அவர் கணித்தது சரியா?

சரிதான். பல கேன்சர் செல்கள் ரத்தத்தை உறைய வைக்கும் புரதத்தை வெளிவிடுகின்றன. கணையம், வயிற்றுக் கேன்சரில் ஆபத்து ரொம்ப அதிகம். ட்ரூசோ காலத்தில் கீமோ கிடையாது, அது வந்ததே 1940-களில்தான். சில கீமோ மருந்துகள் ரத்தக்குழாயின் உள்சுவரைப் பாதிக்கும். மருந்து ஏற்றப் பொருத்தும் குழாயிலும் ரத்தம் கட்டலாம். இதோடு படுத்தே கிடப்பதும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். காலில் உருவான கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் வந்தால் அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை கீமோ தொடங்கும் முன்பே கணக்கிட இப்போது வழி இருக்கிறது. 2008-ல் வந்த கொரானா ஸ்கோர் அதற்குத்தான். கொரோனாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது அலோக் கொரானா என்ற டாக்டரின் பெயர். எந்த உறுப்பில் கேன்சர், பிளேட்லெட், ஹீமோகுளோபின், வெள்ளை அணுக்கள், உடல் பருமன் என ஐந்தைப் பார்த்து மார்க் போடுவார்கள். மார்க் அதிகம் என்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே தரலாமா என்று டாக்டர் யோசிப்பார். ரத்தக்கசிவு ஆபத்தும் இருப்பதால் இது எல்லோருக்கும் பொருந்தாது.

ட்ரூசோவுக்குத் தர அன்று அப்படி ஒரு மருந்தே இல்லை. ஹெப்பாரின் கண்டுபிடிக்கப்பட்டது 1916-ல். அதன் ஒரு வகையான டால்டெபாரின் ஊசியை, ஏற்கெனவே ரத்தம் கட்டிய 672 கேன்சர் நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு முதலில் இந்த ஊசி கொடுத்துவிட்டு, பிறகு பழைய மாத்திரை. மீதிப் பேருக்குத் தொடர்ந்து ஊசி மட்டும். ஆறு மாதத்தில் மறுபடி ரத்தம் கட்டியது மாத்திரை எடுத்தவர்களில் 53 பேருக்கு, ஊசி மட்டும் போட்டவர்களில் 27 பேருக்கு. முடிவு வெளியானது 2003-ல். கேன்சரோடு வரும் இந்த ரத்தக்கட்டை இன்றும் டாக்டர்கள் ட்ரூசோ சிண்ட்ரோம் என்றுதான் சொல்கிறார்கள்.