இ. கே. ஜானகி அம்மாள்: ஆய்வகத்திற்குள்ளும் தொடர்ந்த சாதி

அறிவியலில் பெண்களின் பங்கு குறித்துப் பேசும் மேடைகளில் தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாளின் பெயர் இப்போது அடிக்கடி ஒலிக்கிறது. இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டியவர் என்ற ஒற்றை வரியோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர் எந்தச் சமூகத்தில் பிறந்தார், எந்தக் கதவுகள் அவருக்குத் திறந்தன, திறந்த கதவுக்குள் சென்ற பின்னும் எது அவரைத் துரத்தியது என்பவை பேசப்படுவதில்லை. நாம் அங்கிருந்தே தொடங்க விரும்புகிறோம்.

ஜானகி 1897 நவம்பர் 4 அன்று தலைச்சேரியில் ஒரு தீயர் குடும்பத்தில் பிறந்தார். தீயர்கள் தலித் சமூகத்தினர் அல்லர். ஆயினும் கள்ளிறக்குதல் குலத்தொழிலாகச் சுமத்தப்பட்டு, கோயிலுக்கு வெளியே, தீட்டின் பெயரால் அளந்து வைக்கப்பட்ட தொலைவில் நிறுத்தப்பட்ட அவர்ணர்கள் அவர்கள். அன்று சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த வட மலபாரில் ஆங்கில அரசின் வேலைவாய்ப்பும் பாசல் மிஷனின் பள்ளிகளும் அச்சமூகத்திற்குள் படித்த ஓர் அடுக்கை உருவாக்கியிருந்தன. ஜானகியின் தந்தை கிருஷ்ணன் துணை நீதிபதி. இயற்கை அறிவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். தாய் தேவி, ஹானிங்டன் என்ற ஆங்கில அதிகாரிக்கும் ஒரு தீயப் பெண்ணுக்கும் பிறந்தவர். எனவே இதை வறுமையை வென்ற கதையாகச் சொல்வது உண்மைக்குப் புறம்பாகும். வீட்டில் நூல்கள் இருந்தன. படித்த தந்தை இருந்தார். அவை இல்லாத வீடுகளிலிருந்து இன்று அறிவியல் வகுப்புக்கு வரும் மாணவியர் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

சென்னை இராணி மேரி கல்லூரியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் வாய்ப்பு வந்தது. ஆசியப் பெண்களுக்கென்றே அங்கு 1917இல் நிறுவப்பட்ட பார்பர் உதவித்தொகைதான் அவ்வாய்ப்பை அளித்தது. முதுகலையை முடித்து ஊர் திரும்பியவர் மீண்டும் சென்று 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் அவர். திறமையை மட்டும் போற்றும் வாழ்க்கைக் குறிப்புகள் இந்த உதவித்தொகையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உதவித்தொகை உரிய காலத்தில் வராமல் கட்டணத்திற்குக் கடன் வாங்கும் பட்டியல் சாதி மாணவி அந்த வரியில் சற்று நிற்பாள்.

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் மகாராஜா அறிவியல் கல்லூரியில் அவர் பேராசிரியர். திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில்தான். அதாவது, தீயரோடு சேர்த்து எண்ணப்பட்ட ஈழவருக்கு அரசின் கோயில்கள் மூடியிருந்த ஊரில், அதே அரசின் கல்லூரியில் அவர் பாடம் நடத்தினார்.

பின்னர் கோயம்புத்தூர். 1912இல் அங்கு அமைந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934இல் மரபியலாளராகச் சேர்ந்தார். இங்கே ஒரு மிகைக்கூற்றைத் திருத்திக்கொள்வோம். தடித்த இனிப்புக் கரும்பை நாணல் இனமான காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய புகழ்பெற்ற கோ. 205 இரகம் அவர் வருவதற்கு முன்பே வயலுக்குச் சென்றுவிட்டது. அவருடைய பணி அதைவிட ஆழமானது. எந்தக் கரும்பில் எத்தனை குரோமோசோம்கள், ஒரு கலப்பினத்தில் எந்தப் பெற்றோரின் பங்கு எவ்வளவு என்று நுண்ணோக்கியின் கீழ் எண்ணிக் காட்டினார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து, ஒரு பேரினத்தின் எல்லையைத் தாண்டிய கலப்பினங்களை உருவாக்கினார். கரும்பு, மக்காச்சோளக் கலப்பு 1938இல் அறிவியல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

ஆயினும் அந்நிலையத்தில் அவர் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. திருமணம் செய்துகொள்ளாத பெண், அதிலும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதால் ஆண் அறிவியலாளர்களிடையே பாகுபாட்டைச் சந்தித்தார் என்பதை அவர் வாழ்வை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். வெளிநாட்டு முனைவர் பட்டம், நீதிபதியின் மகள் என்ற தகுதி, அறிவியல் கழகத்தின் உறுப்பினர் பெருமை ஆகிய அனைத்தும் கையில் இருந்தும் நேர்ந்தது இது. இவற்றுள் ஒன்றும் இல்லாமல் ஆய்வகத்திற்குள் வரும் முதல் தலைமுறை மாணவிக்கு, தகுதி வந்தால் சாதி விலகிவிடும் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த ஐந்தாண்டுகளை விளக்கியாக வேண்டும்.

1939இல் இங்கிலாந்து சென்றார். போர் மூண்டது, அங்கேயே தங்கினார். குண்டுவீச்சு நடந்த ஆண்டுகளில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணிபுரிந்து, சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். அடுத்து விஸ்லியில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தில், குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் கோல்சிசின் என்ற பொருளை மக்னோலியாச் செடிகளில் பயன்படுத்தி ஆராய்ந்தார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா வகை ஒன்று இன்றும் உண்டு.

நேருவின் அழைப்பின் பேரில் 1951இல் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1955இல் பிரின்ஸ்டனில், புவியின் முகத்தை மனிதர் மாற்றியமைத்த வரலாறு குறித்து நடந்த கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தம் உணவுக்காகவே விளைவிக்கும் இந்திய மக்களின் பொருளாதாரம். பத்மஸ்ரீ விருது 1977இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது.

1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுநிலை அறிவியலாளராக இருந்த அவர், மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை ஒரு நீர்மின் திட்டம் மூழ்கடிக்க இருந்தபோது அதை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையை அந்த முதிய வயதில் மேற்கொண்டார். 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.