சிதறி நின்ற சமுதாயத்தைச் சேர்த்து வைத்த காயிதே மில்லத்

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய முஸ்லிம்கள் திகைத்து நின்றார்கள். வட இந்தியாவில் கலவரம். தலைவர்களில் பலர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டார்கள். இங்கேயே வாழ்வது என்று முடிவெடுத்த கோடிக்கணக்கான எளிய மக்களுக்காகப் பேச ஆள் இல்லை. சந்தேகக் கண்கள் மட்டும் எல்லாப் பக்கமும் இருந்தன. அந்த நேரத்தில் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மௌலவி மியாகான் ராவுத்தர். மார்க்கக் கல்வி வீட்டிலேயே கிடைத்தது. உலகக் கல்விக்கு நெல்லை, திருச்சி, சென்னை என்று போனார்கள். 1920இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பட்டப்படிப்பைப் பாதியில் விட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார்கள். பிறகு தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். 1946 முதல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்கள்.

பிரிவினைக்குப் பிறகு முஸ்லிம் லீகைக் கலைத்துவிடலாம், வம்பு வேண்டாம் என்று சமுதாயத்துக்குள்ளேயே பலர் சொன்னார்கள். அரசியல் அழுத்தமும் இருந்தது. ஆனாலும் 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூட்டத்தைக் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீகை நிறுவினார்கள். அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு, நாட்டுக்கு விசுவாசமாக, அதே நேரம் ஈமானையும் அடையாளத்தையும் விட்டுக்கொடுக்காமல் வாழ முடியும் என்பதே அவர்கள் காட்டிய வழி. ஒன்றுபட்டு நிற்பது பிற சமயத்தாரோடு மோதுவதற்கு அல்ல, உரிமையையும் கடமையையும் சேர்த்துச் சுமப்பதற்கே என்பதை வாழ்நாள் முழுதும் நடந்து காட்டினார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் 1948இல் பொது சிவில் சட்டம் பற்றிய விவாதம் வந்தது. எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை, ஆனால் அந்தக் குரல் சபைக் குறிப்பில் பதிந்துவிட்டது. 1949இல் ஆட்சிமொழி பற்றிப் பேச்சு வந்தபோது, பழமையும் வளமும்தான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று வாதாடினார்கள். தீன் வேறு, தமிழ் வேறு என்று யாரும் நம்மைப் பிரித்துப் பார்க்க இடம் வைக்கவில்லை.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், பின்னர் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்று மக்களவையிலும் பணியாற்றினார்கள். பேட்டையில் பிறந்த தமிழரை மலபார் மக்கள் தங்கள் பிள்ளையாகவே ஏற்றார்கள். சீனப் போர் மூண்டபோது தம் மகனை ராணுவத்துக்கு அனுப்ப முன்வந்தார்கள். பதவியில் இருந்தும் சொத்து சேர்க்காமல் எளிமையாகவே வாழ்ந்தார்கள்.

கல்வியில் அவர்கள் காட்டிய அக்கறை நமக்குப் பெரும் பாடம். தம் பட்டத்தைத் துறந்தவர், சமுதாயப் பிள்ளைகள் பட்டம் பெற வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்கள். சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் தொடங்கப்பட்டவை. அந்த விழிப்பின் பலனை இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். ஜனாஸாவில் எல்லாச் சமயத்தாரும் எல்லாக் கட்சித் தலைவர்களும் கலந்துகொண்டார்கள். அவர்கள் தேடிய ஒற்றுமை எத்தகையது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று நம் நிலை என்ன? ஐயங்கார்குளம், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் நம் வீடுகள் குறைவு. அங்கங்கே சில குடும்பங்கள், ஒரு சிறு பள்ளிவாசல். இப்படிப்பட்ட இடத்திலும் இயக்கத்தின் பெயரால் ஸலாம் சொல்லாமல் இருப்பதும், நிகாஹுக்கும் மய்யித்துக்கும் வராமல் இருப்பதும் நடந்தால், யாருக்கு நஷ்டம்? கருத்து வேறுபாடு மஸ்அலாவில் இருக்கட்டும்; உறவில் வேண்டாம்.

நாடளாவிய கட்சி ஒன்றை நிறுவுவது எல்லோராலும் ஆகாது. ஆனால் ஒரு ஜமாஅத் கூடி பைத்துல்மாலைச் சீராக நடத்தலாம். ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டலாம். வக்ஃபுச் சொத்தின் கணக்கை ஒளிவுமறைவின்றி வைக்கலாம். வெள்ளம் வந்தால் சமயம் பாராமல் பக்கத்துத் தெருவுக்கும் சோறு கொண்டு போகலாம். காயிதே மில்லத் அவர்களை நேசிப்பதாகச் சொல்லும் நமக்கு, ஜூன் 5இல் சுவரொட்டி ஒட்டுவதைவிட இதுவே பொருத்தமான நினைவு.

அன்னாரின் பணிகளை அல்லாஹ் ஏற்று, உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. நம் உள்ளங்களையும் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.