பாரடே விட்டுச் சென்ற கேள்வி

வெற்றி பெற்ற பெரியோர்களின் சரித்திரத்தை எழுதுவோர் பலர். தாம் தோற்ற இடத்தைத் தாமே உலகுக்குத் தெரிவித்துச் சென்ற பெரியோர் மிகச் சிலர். பௌதிக சாஸ்திர உலகில் அச்சிலருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் மைக்கேல் பாரடே.

அவர் 1791-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி, லண்டன் மாநகரையடுத்த நியூயிங்டனில் ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பம். பதினான்காவது வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்து, ஏழு வருஷம் உழைத்தார். பிறருக்காகக் கட்டிய புத்தகங்களே அவருக்கு ஆசான்களாயின. 1812-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஸர் ஹம்ப்ரி டேவி செய்த பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அவற்றை அழகுறக் கட்டி, டேவிக்கே அனுப்பி வைத்தார். மறு வருஷம் அந்த ஸ்தாபனத்திலேயே அவருக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியுடன் ஐரோப்பிய யாத்திரை சென்றபோது, டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். பாரடே அதையும் பொறுத்துக்கொண்டு கற்க வேண்டியதைக் கற்றார்.

1831-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி, ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி அவர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும் மற்றதில் மின்சாரம் தோன்றி மறைந்தது. பின்னர், காந்தத்தை அசைத்தே மின்சாரத்தை உண்டாக்கிக் காட்டினார். இன்றும் உலகிலுள்ள மின்சார நிலையங்களில் பெரும்பாலானவை இந்தத் தத்துவத்தின்மீதே இயங்குகின்றன. 1845-ல், காந்த சக்தி ஒளியையும் பாதிக்கிறதென்று நிரூபித்தார். உயர்தரக் கணிதம் அறியாத அவர் கண்ட உண்மைகளை மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து மேதை பின்னர்க் கணித வடிவில் அமைத்து, ஒளியே ஒரு மின்காந்த அலை என்று காட்டினார்.

இயற்கைச் சக்திகள் யாவும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது பாரடேயின் திடமான நம்பிக்கை. ஆகவே, மண்ணை நோக்கிப் பொருள்களை இழுக்கும் ஆகர்ஷண சக்திக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவைக் காண 1849-ல் முற்பட்டார். கம்பிச் சுருள்களையும் உலோகத் துண்டுகளையும் உயரத்திலிருந்து விழச் செய்து, மின்சாரம் பிறக்கிறதா என்று பார்த்தார். இடையிடையே சிறு அறிகுறிகள் தோன்றின. வேறொருவராயின் வெற்றி முரசு கொட்டியிருப்பர். அவரோ ஒவ்வொன்றையும் சோதித்து, அவை வேறு காரணங்களால் நேர்ந்தவை என்று கண்டு தள்ளினார். பலன் ஒன்றுமில்லை என்பதை ராயல் சொஸைட்டிக்கு வெளிப்படையாகவே அறிவித்தார். ஆயினும் நம்பிக்கையைக் கைவிட்டாரில்லை. 1859-ல், முதுமையிலும், லண்டனில் ஓர் உயர்ந்த கோபுரத்தில் ஈயக் கட்டிகளை ஏற்றியும் இறக்கியும் மீண்டும் முயன்றார். மீண்டும் தோல்வியே கிட்டியது.

அக்கேள்வி அவரோடு மறைந்துவிடவில்லை. ஆகர்ஷண விதியை 1687-லேயே நியூட்டன் வெளியிட்டார். அச்சக்தி எதனால் உண்டாகிறது என்பதை அவர் கூறவில்லை. 1915-ல் ஐன்ஸ்டீன், அது வெளியும் காலமும் வளைவதன் விளைவு என்று விளக்கினார். அதை மின்காந்தத்தோடு இணைக்க 1955-ல் இறக்கும் வரை முயன்றும் அவருக்குக் கைகூடவில்லை. அணுக்கருச் சிதைவு ஒன்றுக்குக் காரணமான ஒரு சக்தியையும் மின்காந்தத்தையும் ஒன்றாக இணைத்ததற்காக கிளாஷோ, ஸலாம், வைன்பர்க் ஆகிய மூவருக்கு 1979-ல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. 2015-ல் ஆகர்ஷண அலைகளும் கருவிகளில் நேரே பதிவாயின. எனினும், அணுவுலகை ஆளும் விதிகளோடு ஆகர்ஷணம் இன்னும் பொருத்தப்படவில்லை. கொல்லர் மகன் கேட்ட கேள்வி இன்றளவும் விடையின்றியே நிற்கிறது.

ஸர் பட்டத்தையும் ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவியையும் பாரடே வேண்டாமென்று மறுத்தார். 1867-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி அவர் காலமானார்.

பொதுக் காரியத்தில் இறங்கியோர் அவர் வாழ்க்கையிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. தோல்வியை வெற்றியெனச் சாற்றுவோன், பின்வருவோரைத் தவறான பாதையில் விடுகிறான். தோல்வியை உள்ளபடி எழுதிவைப்போனோ, அவர்கள் உழைப்பு வீணாகாமற் காக்கிறான். அங்ஙனம் எழுதிவைத்த பின்னரும் லட்சியத்தை விடாதிருத்தல் அதனினும் அரிது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த தொண்டர்களே எக்காலத்தும் தேசத்துக்கு வேண்டியவர்கள்.