மீனுக்குப் பெயர் கொடுத்த கப்பி

குழந்தைகளே! உங்களில் பலர் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பீர்கள். அதில் பெரிய வாலை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு திரியும் கப்பி மீனும் இருக்கும். கப்பி என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவருடைய முழுப் பெயர் ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி. 1836ல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் டிரினிடாட் தீவில் குடியேறிவிட்டதால், இங்கிலாந்தில் ஒரு பழைய கோட்டை வீட்டில் தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தார். கோட்டையைப் பேரன் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. பேரனுக்கோ ஊர் சுற்றிப் பார்க்க ஆசை! 18 வயதில் கப்பலேறிவிட்டார்.

1856ல் நியூசிலாந்து அருகே அவர் சென்ற கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்துக் கரை சேர்ந்த கப்பி, அங்கே வாழ்ந்த மாவோரி மக்களோடு 2 ஆண்டுகள் தங்கி, அந்தப் பகுதிக்கு வரைபடம் தயாரித்தார். பிறகு பெற்றோரைத் தேடி டிரினிடாட் வந்தவர், அந்த ஊர்க்காரராகவே மாறிவிட்டார்.

டிரினிடாட், தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய தீவு. அங்கே கப்பி பள்ளிகளின் தலைமை ஆய்வாளராகப் பணியாற்றினார். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றாலே எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குக் கை, கால் உதறும். இந்த இன்ஸ்பெக்டருக்கோ கல், மண், சிப்பி, நத்தை என்றால் உயிர்! முறையாக அறிவியல் படிக்காதவர் அவர். தானே தேடிப் படித்து, பாறைகளில் புதைந்து கிடந்த பழங்காலச் சிப்பிகளைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் எழுதினார். டிரினிடாட்டில் அறிவியல் சங்கம் தொடங்கியவர்களிலும் ஒருவர்.

அந்தத் தீவின் ஓடைகளில் ஒரு சின்ன மீன் கூட்டம் கூட்டமாக நீந்தும். அது முட்டையிடாது, குட்டி போடும். அதாவது, முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, நீந்தத் தெரிந்த குஞ்சுகளாக வெளியே வரும். ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். அதனால்தான் அந்தப் பக்கத்து மக்கள் அதை, லட்சக்கணக்கில் பெருகுவது என்ற பொருளில், 'மில்லியன்ஸ்' என்று அழைத்தார்கள்.

கப்பி அந்த மீன்களில் சிலவற்றை லண்டனில் இருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கே ஆல்பர்ட் குந்தர் என்ற மீன் அறிஞர், இது புதிய மீன் என்று நினைத்து, 1866ல் கப்பியின் பெயரைச் சேர்த்து 'ஜிரார்டினஸ் கப்பியை' என்று பெயர் சூட்டினார்.

ஆனால், வந்தது சிக்கல்! ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர்ஸ் என்பவர், வெனிசுலாவில் பிடித்த இதே மீனுக்கு 1859லேயே பெயர் வைத்துவிட்டார். அறிவியலில், முதலில் வைத்த பெயருக்குத்தான் மதிப்பு. எனவே கப்பியின் பெயர் நீக்கப்பட்டது. இன்று அதன் அறிவியல் பெயர் 'பொய்சிலியா ரெடிகுலேட்டா'. ஆனால், மீன் வளர்ப்போர் விடவில்லையே! அவர்கள் வாயில் கப்பி என்ற பெயர்தான் நிலைத்தது.

பாவம், வாழ்நாளெல்லாம் சிப்பிகளுக்காக உழைத்தவரை, உலகம் ஒரு மீனை வைத்து நினைவில் கொண்டுள்ளது. 1916ல் டிரினிடாட்டிலேயே அவர் காலமானார்.

நீங்கள் கப்பி வளர்ப்பதானால், 40 லிட்டர் தொட்டிக்கு 2 ஆண், 5 பெண் மீன்கள் போதும். வண்ண வால் உடையது ஆண். உருவத்தில் பெரியதாக, நிறம் மங்கி இருப்பது பெண். ஆண்கள் அதிகமானால் பெண் மீன்களை ஓயாமல் துரத்தித் தொல்லை கொடுக்கும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். பெண் மீன்களை மட்டும் வாங்கினாலும் குட்டிகள் வரலாம்! கடையிலேயே அவை ஆணோடு சேர்ந்திருக்கும். அதன் பிறகு ஆண் துணை இல்லாமலே பல மாதம் குட்டி போடும்.

இன்னொன்று, தாய் மீனே தன் குட்டிகளைத் தின்றுவிடும். எனவே தொட்டியில் வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டு வையுங்கள். குட்டிகள் அதற்குள் ஒளிந்து பிழைத்துக்கொள்ளும். கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காக நம் ஊர்க் கிணறுகளில் சுகாதாரப் பணியாளர்கள் கப்பி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து நீங்களும் மிஞ்சிய மீன்களை ஏரியிலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். அங்கே பெருகினால், நம் ஊர் மீன் குஞ்சுகளுக்கு இரையும் இடமும் கிடைக்காமல் போகும். பக்கத்து வீட்டு நண்பனிடம் ஒரு தொட்டி இருந்தால், அவனுக்குக் கொடுங்கள்.