தூனிஸ் தந்த இப்னு கல்தூன்

மத்தியதரைக் கடலின் தென்கரையில், ஆழம் குறைந்த ஓர் ஏரிக்குப் பின்னே ஒதுங்கியிருக்கிறது தூனிஸ் பட்டணம். பக்கத்திலேயே பழைய கார்த்தேஜ் நகரின் இடிபாடுகள். அங்கிருந்து கொண்டுவந்த கல்தூண்கள்தாம் நடு ஊரிலுள்ள ஸைத்தூனா ஜாமிஆ மஸ்ஜிதைத் தாங்கி நிற்கின்றன. மஸ்ஜிதை ஒட்டி அத்தர் கடைகள். வாடை வீசும் சாயத் தொழிலும் தோல் தொழிலும் தள்ளி, ஊரின் ஓரத்தில். தொழ வருவோரின் மூக்கையும் நினைத்துப் பார்த்து ஊர் கட்டியிருக்கிறார்கள்!

இந்த ஊரில்தான் ஹிஜ்ரி 732, ரமளான் முதல் பிறையில் (கி.பி. 1332) அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் (ரஹ்) பிறந்தார். முன்னோர் ஸ்பெயினின் இஷ்பீலிய்யாவை விட்டு வந்து குடியேறியவர்கள். திருக்குர்ஆனை மனனம் செய்து, மாலிக்கி மத்ஹபின் சட்டங்களை ஓதி வந்தவருக்கு 17 வயதையொட்டி ஒரு பேரிடி. 1348–49இல் பரவிய கொள்ளை நோய் பெற்றோர் இருவரையும் கொண்டு போயிற்று. ஓதிக் கொடுத்த உஸ்தாதுமார் பலரும் அதிலேயே வபாத்தாயினர்.

பிறகு ஊரை விட்டார். ஃபாஸ், கிரானடா என்று அரசவைகளில் பதவி வகித்தார். ஃபாஸில் ஏறத்தாழ இரண்டாண்டு சிறையிலும் இருந்தார். அரசியல் சலித்து, அல்ஜீரியாவின் ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்த காலத்தில்தான், 1377இல், முகத்திமாவை ஐந்தே மாதங்களில் எழுதினார். ஆட்சிகள் எழுவதும் விழுவதும் ஏன் என்று ஆராயும் நூல் அது. தொடர்ந்து எழுதக் கிதாபுகள் தேவைப்பட்டன. 26 ஆண்டுகள் கழித்து 1378இல் தூனிஸ் திரும்பினார்.

மாணவர்கள் இவரை மொய்த்தனர். ஸைத்தூனாவின் இமாமாக இருந்த பெரும் அறிஞர் இப்னு அரஃபாவுக்கு அது பிடிக்கவில்லை. அறிஞர்களுக்குள்ளும் பொறாமை உண்டு, மறைப்பானேன்? சுல்தானோ தம் படையெடுப்புக்கு இவரைக் கூடவே இழுத்துச் சென்றார். ஹஜ்ஜுக்குப் போக அனுமதி கேட்டு, 1382 ஷஃபான் மாதம் கப்பலேறினார். நாற்பது நாள் கடற்பயணம். அலெக்ஸாண்டிரியாவில் இறங்கியது நோன்புப் பெருநாள் அன்று. பிறந்த ஊரை அவர் மறுபடி காணவேயில்லை.

குடும்பத்தை அனுப்பத் தூனிஸ் சுல்தான் மறுத்தார். அவர்களைப் பிடித்து வைத்திருந்தால் இவர் திரும்பி வருவார் என்ற கணக்கு. எகிப்து சுல்தான் பர்கூக் பரிந்துரை எழுதிய பிறகே கப்பல் புறப்பட்டது. 1384இல் அது அலெக்ஸாண்டிரியாவை நெருங்கும் வேளையில் புயலில் மூழ்கியது. மனைவி மக்களைக் கடல் விழுங்கியது. கெய்ரோவில் மாலிக்கி காஜியாகப் பதவியேற்ற வருடமே இந்தச் சோதனை. சிபாரிசுகளுக்கு வளையாததால் பகைவர்களும் பெருகினர். மறு வருடம் பதவியும் போயிற்று.

தூனிஸில் நிய்யத் வைத்த ஹஜ்ஜை, தனியாளாக 1387இல் நிறைவேற்றினார். அதன்பின் காஜி பதவி வருவதும் போவதுமாக இருந்தது. 1401இல் திமிஷ்கை முற்றுகையிட்ட தைமூரையும் நேரில் சந்தித்துத் திரும்பினார். ஹிஜ்ரி 808, ரமளான் மாதத்தில் (1406) காஜியாக இருக்கும்போதே வபாத்தானார். கெய்ரோவின் பாபுந் நஸ்ர் வாசலுக்கு வெளியே, சூஃபிகளின் கபரஸ்தானில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.